பேய்ப்பட ட்ரெய்லர் வெட்டும் சிவகாசித் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் கையில் ஒரு கேமராவோ நல்ல செல்போனோ கிடைத்ததும் முதலில் எடுக்கத் தோன்றுவது பேய்ப்படம். விஸ்காம் படிக்கிறவர்கள் எடுக்கிறீர்கள். பிரஸ்ஸில் டிசைன் வேலை பார்த்துக்கொண்டே எடுக்கிறீர்கள். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் கல்யாண வீடியோக்காரர்கள் எடுக்கிறீர்கள். எடுக்கத்தான் வேண்டும். பெரிய நடிகர் வேண்டாம், பாட்டு வேண்டாம், செட் வேண்டாம். பூட்டிக் கிடக்கும் ஒரு வீடும் ஒரு டார்ச்சும் நாலு கூட்டாளிகளும் போதும். உலகம் முழுக்கப் புதுசாக வருகிறவர்கள் நுழைகிற வாசல் அதுதான். நானும் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிப் பிழைத்தவன். அதனாலோ என்னவோ, உங்கள் படங்களைவிட அவற்றின் ட்ரெய்லர்களைத்தான் உன்னிப்பாகப் பார்க்கிறேன். படம் எடுக்கத் தெரிந்தவனை ட்ரெய்லர் காட்டிக்கொடுத்துவிடும்; தெரியாதவனை இன்னும் சீக்கிரமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த ட்ரெய்லர்களில் பலவும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன. டைட்டில் வருகிறது. திரை இருள்கிறது. ஒரு மூச்சு நேரம் சத்தமே இல்லை. பிறகு காது கிழிகிற மாதிரி ஒரு வெடிச்சத்தம், கூடவே திரை முழுக்க ஒரு பெண்ணின் கருகிய முகம். சில ட்ரெய்லர்களில் அந்த முகத்துக்கு முன்னால் ஒரு ஷாட் சேர்ந்துகொள்கிறது: கூரை பெயர்ந்த பட்டாசு அறை, கரி படிந்த சுவர், தரையில் ஒற்றைச் செருப்பு. அந்தக் கடைசி இரண்டு நொடிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே போனால், ஏதோ பெரிய மனுஷன் புத்தி சொல்கிறான் என்று மூடி வைத்துவிடுவீர்கள். தொழிலில் தொடங்குகிறேன்.

பேய்ப்பட ட்ரெய்லருக்கு ஒரு நடை உண்டு. முதலில் நல்ல வெளிச்சம், சிரிப்பு, புதுவீடு குடிபோகிற குடும்பமோ டூர் போகிற நண்பர்களோ. கேமரா ஆடாமல் நிற்கும். அப்புறம் ஒரு சின்ன உறுத்தல்: பூட்டிய கதவு திறந்திருக்கிறது, குழந்தை யாருமில்லாத மூலையைப் பார்த்துப் பேசுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஷாட்டுகள் நெருங்கி வரும், வெளிச்சம் குறையும், கட்டுகள் வேகம் பிடிக்கும், பி.ஜி.எம். ஏறும், சட்டென்று நிற்கும், டைட்டில். அதோடு முடிந்தது என்று நாம் உடம்பைத் தளர்த்துகிற நேரத்தில் கடைசித் திடுக். வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், கொலுசுச் சத்தம், நாய் ஊளை எல்லாம் இந்த நடையில் வந்து உட்காரும் சாமான்கள். இதை ஃபார்முலா என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. நான் பேசமாட்டேன். பட்டாசுப் பெட்டியின் மேல் நம் ஊர் அச்சகத்தில் அடித்து ஒட்டுகிற படம் மாதிரிதான் இந்த நடை. உள்ளே இருப்பதைக் கொளுத்திப் பார்த்து வாங்க முடியாது. சேவலையும் அணிலையும் பார்த்து, மேலே இருக்கிற படத்தை நம்பித்தான் காசு கொடுக்கிறோம். ஜானர் என்று நீங்கள் சொல்வதும் இந்த நம்பிக்கையைத்தான். இருநூறு ரூபாய் டிக்கெட்டுக்கோ, இருபது நிமிஷ நேரத்துக்கோ நான் எந்த வகைப் பயத்தை வாங்குகிறேன் என்று ட்ரெய்லர் எனக்குச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அந்தச் சாமான்கள் எல்லாவற்றையும் அடுக்கியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. 1960இல் ‘சைக்கோ’ வந்தபோது ஹிட்ச்காக் ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும் ட்ரெய்லரில் தானே தோன்றி, வீட்டைச் சுற்றிக் காட்டும் புரோக்கர் மாதிரி, இங்கேதான் நடந்தது, அந்த மாடிப்படியில்தான் நடந்தது என்று சாவகாசமாகப் பேசிக்கொண்டே போனார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்குகிறார், ஒரு பெண் அலறுகிறாள். அவ்வளவுதான் பயம். அந்த அலறல்கூடப் படத்தில் குளியலறையில் சாகும் ஜேனட் லீயுடையது இல்லை. விக் வைத்த வேரா மைல்ஸ். ‘தி ஷைனிங்’ படத்துக்கு ஸ்டான்லி கூப்ரிக் வெளியிட்ட டீசர் மொத்தமும் ஒரே ஷாட்: மூடியிருக்கும் லிஃப்ட் கதவுகள், மேலே ஊர்ந்து போகும் பெயர்கள், பிறகு கதவிடுக்கிலிருந்து கொட்டிப் பெருகும் ரத்தம். கேமரா ஒரு அங்குலம் நகரவில்லை. 2009இல் ‘பேராநார்மல் ஆக்டிவிட்டி’க்காரர்கள் தங்கள் ட்ரெய்லரில் படத்தோடு சேர்த்துப் படம் பார்க்கிற ஜனங்களையும் காட்டினார்கள், இருட்டில் அவர்கள் பதறுவதையும் முகத்தை மூடிக்கொள்வதையும் பார்த்தே ஊரெல்லாம் பயந்தது. மூன்றிலும் பேய் முகம் கிடையாது.

இனி ஷாட்டுகள். பேய்ப்படத்தில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இது யார் கண் என்பது. 1978இல் ‘ஹாலோவீன்’ படம் கொலைகாரனின் கண் வழியாகவே தொடங்கியது. அந்தக் கண் ஒரு சிறுவனுடையது என்று பிறகு தெரியும்போதுதான் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. 1981இல் ‘ஈவில் டெட்’ எடுத்த இளைஞர்களிடம் தண்டவாளமும் டிராலியும் வாங்கக் காசில்லை. ஒரு பலகையின் நடுவில் கேமராவைக் கட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். தரையை ஒட்டிப் பாய்ந்து வருகிற அந்தப் பார்வையை வைத்தே பேயைக் காட்டாமல் பேய்ப்படம் எடுத்தார்கள். நீங்களோ கிம்பல் வாங்கிய ஒரே காரணத்துக்காக எல்லா ஷாட்டையும் வழுக்கவிடுகிறீர்கள். கூடத்தில் வழுக்குகிறது, மாடியில் வழுக்குகிறது, கிணற்றைச் சுற்றி ஒரு வட்டம். யார் பார்க்கிறார்கள் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. டிரோன் இன்னும் மோசம். பேய்ப்படத்தில் டிரோன் பறக்கிறபோதெல்லாம் எனக்கு மண்டப வாசலில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேலே பார்த்துக் கைகாட்டுவதுதான் ஞாபகம் வருகிறது.

க்ளோசப்பை முகம் காட்டத்தான் வைக்கிறீர்கள். பேய்ப்படத்தில் அது முகத்தைச் சுற்றியிருப்பதை மறைக்கவும் வைக்கப்படுகிறது. முகத்தை ஃபிரேமின் ஒரு ஓரத்தில் தள்ளிவிட்டு மீதிப் பாதியைக் காலியாக விட்டுப் பாருங்கள். பார்ப்பவனுக்குக் கண் அந்தக் காலி இடத்தை விட்டு நகராது. 2012இல் கார்த்திக் சுப்புராஜ் ‘பீட்சா’வில் பங்களாப் பகுதியைப் பெரும்பாலும் விஜய் சேதுபதியின் கையிலிருக்கும் டார்ச்சை வைத்தே நடத்திவிட்டார். டார்ச் போகிற இடம் மட்டும்தான் படம், மிச்சமெல்லாம் நம் கற்பனை. மதுரையிலிருந்து போய், டிவிக் குறும்படப் போட்டியில் பேரெடுத்து, குறைந்த செலவில் எடுத்த முதல் படம் அது. உங்களுக்கு அதைவிடப் பக்கத்தில் வேறு முன்னோடி இல்லை. மிஷ்கின் படங்களில் கேமரா அடிக்கடி கால்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். முகம் பொய் சொல்லும், கால் சொல்லாது என்பது மாதிரி ஒரு பார்வை. கேமராவைச் சாய்த்து வைக்கிற டச்சு ஆங்கிள் சாயங்காலக் காபி மாதிரி, ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். டாலி ஜூம் 1958இல் ‘வெர்டிகோ’வில் பிறந்து கிழடாகிவிட்ட வித்தை, அதையும் எடிட்டிங்கில் ஜூம் இழுத்து ஒப்பேற்றினால் உடனே தெரிந்துவிடுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். ஏன் எல்லோரும் ராத்திரியிலேயே எடுக்கிறீர்கள்? மூடுபனி, காடு, ஜமீன் பங்களா எல்லாம் ஸ்ரீதர் 1963இல் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ எடுத்து, வின்சென்ட் அதைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்துக் கொடுத்த காலத்திலிருந்து தமிழ்ப் பேய்க்குப் பழகிய வீடு. நம் மாவட்டத்தில் மூடுபனிக்கு எங்கே போவீர்கள்? ஸ்மோக் மெஷின் வாடகைக்கு எடுத்துக் கரிசல் காட்டில் புகை விட்டால், யாரோ சீமைக்கருவேல முள்ளைக் கொளுத்தியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். நமக்கு இருப்பது வெயில். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, வருஷத்தில் பெரும்பகுதி காய்கிற வெயில். 1920களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் இங்கே வேர் பிடிக்கவும், பிறகு பட்டாசு பெருகவும் இந்தக் காய்ச்சல்தான் கைகொடுத்தது. அந்த வெயிலை விட்டுவிட்டு நீங்கள் இருட்டைக் கடன் வாங்குகிறீர்கள்.

நம் பாட்டிமார் நடுச்சாமத்துக்குப் பயந்த அளவு உச்சிப்பொழுதுக்கும் பயந்தார்கள். உச்சியில் புளியமரத்தடிக்குப் போகாதே, ஒற்றையாய்க் கண்மாய்க்கரையில் நடக்காதே, கறிச்சோறு கொண்டுபோனால் ஒரு கரித்துண்டு போட்டுக்கொண்டு போ என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். முனி ஓட்டம் உள்ள இடத்தில் வீடு கட்டமாட்டார்கள். நிழல் காலடிக்குள் சுருங்கிவிடுகிற நேரம் அது. ஆள் நடமாட்டம் இருக்காது. விக்ரம் குமார் 2009இல் ‘யாவரும் நலம்’ எடுத்தபோது பேயை மத்தியானச் சீரியலுக்குள் வைத்தார். பகல் ஒரு மணிக்கு, புத்தம்புது அபார்ட்மென்ட்டில், டிவியில் ஓடுகிற குடும்பக் கதை நம் குடும்பக் கதையாக மாறுகிறது. பி.சி. ஸ்ரீராமின் கேமரா அந்தப் பளிச்சென்ற வீட்டைப் பார்க்கிற விதத்திலேயே எதுவோ சரியில்லை என்று தெரிந்துவிடும். அதே வருஷம் வந்த அறிவழகனின் ‘ஈரம்’ இன்னொரு வழியில் போனது. ஒளிப்பதிவாளர் மனோஜ் பரமஹம்சா படத்தை முழுக்கச் சாம்பல் நிறத்தில் நனைத்து வைத்துவிட்டு, தண்ணீரையும் சிவப்பையும் மட்டும் வைத்துப் பயமுறுத்தினார். குழாயில் சொட்டுகிற தண்ணீர் போதுமானதாக இருந்தது. தண்ணீரை வைத்து ஒருவர் செய்ததைக் காய்ச்சலை வைத்து நீங்கள் செய்யலாமே.

சாத்தூர் ரோட்டிலோ வெம்பக்கோட்டைப் பக்கமோ சித்திரை மாசத்து மத்தியானத்தில் கேமராவை முக்காலியில் நிறுத்தி வைடு ஷாட் ஒன்று வைத்துப் பாருங்கள். பாளம் பாளமாக வெடித்த கரிசல். தூரத்தில் கானல். நடுவில் ஒரு ஆள் நடந்து வருகிறான், கானலில் அவனுக்குக் கால் தெரியவில்லை. இதற்கு ஒரு எஸ்.எஃப்.எக்ஸும் வேண்டாம், தமிழ்ப் பேய்க்குக் கால் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். கட் செய்யாதீர்கள். அவன் வந்துகொண்டே இருக்கட்டும்.

அதே வைடு ஷாட்டைக் கொஞ்சம் திருப்பினால் பட்டாசு ஆலைகளும் வந்துவிடும். கம்பி வேலிக்குள், ஒன்றை ஒன்று தொடாமல் தனித்தனியாக நிற்கிற சின்னச் சின்ன அறைகள், பல கதவுகள், வெளிப்பக்கம் திறக்கிற கதவுகள். வெளியூர்க்காரனுக்கு அது விசித்திரமான அழகு. நமக்குத் தெரியும், ஒரு அறை போனால் அடுத்த அறை தப்பிக்கட்டும் என்பதற்காக விட்ட இடைவெளி அது. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்கிற விதியும் அதே கணக்குதான். அந்த இடைவெளியைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும். அதன் மேல் ஒரு பேயை வேறு ஏற்றத் தேவையில்லை.

இப்போது அந்தச் சத்தத்துக்கு வருகிறேன்.

ஜம்ப் ஸ்கேரின் பாட்டன் ஒரு பஸ். 1942இல் வால் லூட்டன் தயாரித்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள். பின்னால் ஏதோ வருகிறது. காலடிச் சத்தம் நிற்கிறது. கருஞ்சிறுத்தை பாயப்போகிறது என்று நாம் இறுகிப்போயிருக்கும்போது சீறிக்கொண்டு ஒரு பஸ் வந்து நிற்கிறது. அவ்வளவுதான். ஏர் பிரேக் சீறல் நம் பேருந்து நிலையத்தில் கேட்டுக் கேட்டுச் சலித்த சத்தம். ஆனால் அந்த நொடியில் அதுவே போதும். ஆபத்தில்லாத ஒரு சத்தத்தால் பயமுறுத்திவிட்டுப் பிறகு சிரிக்க வைப்பதுதான் அந்த வித்தையின் சூட்சுமம். மனசு இறுகி, அதிர்ந்து, இளகிவிடும். சென்னை மால் தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறவன் வெடிச்சத்தம் கேட்டுத் துள்ளிவிட்டு, பக்கத்திலிருப்பவனைப் பார்த்துச் சிரித்துக்கொள்வான். அவனுக்கு அது தீபாவளிச் சத்தம்.

நம் ஊரில் அந்த இளகல் நடப்பதில்லை. வேலை நேரத்தில் தூரத்தில் பெரிதாக ஒரு சத்தம் கேட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வெளியே வருகிறார். பெண்கள் மொட்டைமாடிக்கு ஏறுகிறார்கள். எல்லோர் கண்ணும் புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று தேடுகிறது. புகையைப் பார்த்ததும் அந்தப் பக்கம் எந்தெந்த ஃபேக்டரி, அங்கே வேலைக்குப் போன நம் ஆட்கள் யார் யார் என்று வாய் தானாகக் கணக்குப் போடுகிறது. உடனே செல்போன். ஆனால் ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் நல்லபடியாக இருக்கிறவருக்குப் போட்டாலும் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்கமாட்டார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் வந்துவிடும், பதில் வராது. (இதைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த ட்ரெய்லரில் போட்டுவிடாதீர்கள்.)

இப்படி ஒரு ஊரில், டைட்டிலுக்குப் பிறகு ஒரு வெடிச்சத்தத்தை வைத்துப் பார்க்கிறவனைத் தூக்கிப்போட வைப்பது திறமையில் சேராது. அவன் ஏற்கெனவே பயந்திருக்கிறான். அந்தப் பயத்தை நீங்கள் உண்டாக்கவில்லை, எடுத்துக்கொள்கிறீர்கள்.

சத்தமே இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். சத்தம் வந்து பயமுறுத்துவது பழைய கதை. ஓடிக்கொண்டிருக்கிற சத்தம் நின்று பயமுறுத்துவதைச் செய்து பாருங்கள். அதற்கு நம் ஊரைவிட வசதியான இடம் ஏது? ஆடிப் பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட்ட நாளிலிருந்து மார்கழி வரைக்கும் ஆப்செட் மெஷின்கள் ராப்பகலாக ஓடுகின்றன. ராத்திரி ஷிப்ட்டில் அந்தத் தாளம் பிரஸ்ஸில் வேலை செய்கிறவர்களுக்குத் தாலாட்டு மாதிரி ஆகிவிடும். மெஷின் நின்றால்தான் திடுக்கிட்டு விழிப்பார்கள். ஒரு ட்ரெய்லர் முழுக்க அந்தத் தாளத்தை ஓடவிடுங்கள். வெளியே வந்து அடுக்கடுக்காக விழுகிற தாள்களில் அம்மன் முகம். கோவில்பட்டி கொண்டையராஜூ காலத்திலிருந்து நாம் பழகிய, எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கிற கண்கள். ஒவ்வொரு தாளிலும் அதே கண்கள், அதே கண்கள். பிறகு ஒரு தாளில் கண் மூடியிருக்கிறது. மெஷின் நிற்கிறது. டைட்டில் போடுங்கள். இதை எடுக்க உங்களுக்கு ஒரு ராத்திரியும் பிரஸ் முதலாளியின் அனுமதியும் போதும். யோசனை இலவசம், யாராவது எடுத்தால் எனக்குச் சந்தோஷம்.

கருகிய முகத்தைப் பற்றிப் பேசினால் உங்களில் ஒருவர் நிச்சயம் எழுந்து வாதாடுவீர்கள். தமிழ்ப் பேய் வில்லன் இல்லை அண்ணே, பாதிக்கப்பட்ட ஆள். உயிரோடு இருக்கும்போது கிடைக்காத நியாயத்தைச் செத்த பிறகு வந்து கேட்கிறது. ஆலையில் செத்த தொழிலாளி பேயாக வந்து முதலாளியைப் பழிவாங்கினால் அது தொழிலாளிக்குச் செய்கிற மரியாதைதானே? நல்ல வாதம். நான் அதை லேசாகத் தள்ளமாட்டேன். 2011இல் ‘காஞ்சனா’ ஓடியபோது தியேட்டர் மொத்தமும் பேயின் பக்கம் நின்றது. நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கையின் கதையை ஃப்ளாஷ்பேக்கில் உட்கார்ந்து கேட்ட பிறகு நின்றது. அந்த ஃப்ளாஷ்பேக்தான் நம் பேய்ப்படத்தின் மனசாட்சி. அது வந்ததும், அதுவரை அலறவைத்த முகம் அழவைக்கிற முகமாகிவிடுகிறது.

ட்ரெய்லரில் ஃப்ளாஷ்பேக்குக்கு இடமில்லை. அங்கேதான் உங்கள் வாதம் உடைகிறது. இரண்டு நிமிஷத்துக்குள் அவளுடைய பேர், ஊர், அவள் ஏன் அந்த அறையில் இருந்தாள், ஓடுவதற்கு ஏன் வழி இல்லாமல் போனது என்று எதையும் சொல்லமுடியாது. சொல்லிவிட்டால் படத்தைப் பார்க்க யார் வருவார்கள்? ஆக, கதையைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தை மட்டும் எடுத்து வருகிறீர்கள். அந்த முகத்தைச் சத்தத்தோடு சேர்த்துப் பார்ப்பவன் மேல் எறிகிறீர்கள். உங்கள் படம் அவளுக்கு நியாயம் கேட்கலாம். ட்ரெய்லர் அவளைப் பூச்சாண்டி ஆக்கிவிட்டது. படத்தைப் பார்க்கிறவர்கள் நூறு பேர் என்றால் ட்ரெய்லரைப் பார்க்கிறவர்கள் அதைவிடப் பல மடங்கு. தியேட்டரில் ஓடுகிற ட்ரெய்லருக்காவது தணிக்கைச் சான்றிதழ் வேண்டும்; யூடியூபில் நீங்களே படைப்பாளி, நீங்களே தணிக்கை அதிகாரி. வாட்சப்பில் சுற்றி வருகிற அந்த முகம், தீக்காயத்தோடு பிழைத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஒரு அக்காவின் பிள்ளையுடைய போனுக்கும் போகும். நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் அப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வெளியூர்க் கேமராக்களும் நம்மை இப்படித்தான் பார்த்துப் பழகின. தீபாவளிக்கு முன்னால் வருகிறவர்களுக்கு அலுமினியப் பொடி அப்பி வெள்ளி மாதிரி மின்னுகிற ஒரு தொழிலாளி முகம் வேண்டும், எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எல்லோரையும் சேர்த்துச் சொல்லவில்லை. சலம் பென்னூர்கர் 1990இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ எடுத்தார். அது தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போன நம் ஊர்ப் பிள்ளைகளின் நாளைப் பற்றிய ஆவணப்படம். வசந்தபாலன் 2006இல் ‘வெயில்’ படத்தில் விருதுநகரை உள்ளூர்க்காரன் கண்ணால் பார்த்தார். உங்களுக்கும் அந்த உள்ளூர்க் கண் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வெளியூர்க்காரன் எடுக்கிற ஷாட்டை எடுப்பானேன்?

இன்னொன்றும் சொல்கிறேன். அகாலமாகச் செத்தவர்களை நம் பக்கத்து ஜனங்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பயந்தார்கள், உண்மைதான். பயந்துவிட்டுக் கும்பிட்டார்கள். தீயில் விழுந்து செத்த பெண் தீப்பாய்ந்த அம்மன் ஆனாள். வெட்டுப்பட்டுச் செத்தவனுக்குக் கல் நட்டுப் படையல் போட்டார்கள். கன்னியாகச் செத்த பெண்ணுக்கு ஓலைப்பெட்டியில் சிற்றாடை வைத்து, வருஷத்துக்கு ஒருதரம் திறந்து பார்க்கிற வீடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. அந்தப் பெட்டியை யாரோ திறக்கிற ஒரு க்ளோசப்பில் இருக்கிற பயத்தை, மேக்கப்காரரின் லேட்டக்ஸ் ஒருநாளும் தரமுடியாது. அதில் பாசமும் கலந்திருக்கிறது. மிஷ்கின் 2014இல் ‘பிசாசு’வில் இதைத்தான் பிடித்தார் என்று நினைக்கிறேன். ரோட்டில் அடிபட்டுச் செத்த பெண் ஒருத்தி நாயகனின் வீட்டுக்கு வருவதுதான் அந்தப் படம்; முதலில் நடுங்குகிறோம், முடியும்போது அவள் போய்விடக்கூடாதே என்றிருக்கிறது.

கடைசியாக, கண்டிப்பாகச் சொல்லவேண்டியது ஒன்று. விபத்து நடந்து சீல் வைத்த ஆலைக்குள்ளும், கைவிட்டுக் கிடக்கிற அறைக்குள்ளும் படப்பிடிப்புக்குப் போகாதீர்கள். அசல் லொக்கேஷன் என்று ஆசையாக இருக்கும். சுவரிடுக்கிலும் தரைப் பிளவிலும் மருந்து தங்கியிருக்கும். லைட் ஸ்டாண்டை இழுத்த உரசல், ஜெனரேட்டர் பொறி, செருப்பு ஆணி, எது போதும் என்று யாராலும் சொல்லமுடியாது. வேலை செய்கிறவர்களே உள்ளே வெறுங்காலோடு நடக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. வீணான மருந்தையும் கழிவுப் பட்டாசையும் வாங்கி வந்து எஃபெக்டுக்குக் கொளுத்துவதும் அப்படியே. விபத்து நடக்கும்போது போனைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அதைவிட மோசம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் வெடித்ததும் உதவ ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அடுத்த பெரிய வெடிப்பில் சிக்கினார்கள். அன்றைக்குச் செத்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களில் அந்த ஆலையில் வேலையே செய்யாதவர்கள் நிறையப் பேர்.

1986இல் ‘ஊமை விழிகள்’ எடுத்தவர்களும் திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்த மாணவர்கள்தான். சினிமாஸ்கோப்பில் தமிழ் ஜனங்களைச் சில வருஷத்துக்கு ரோட்டில் தனியாகப் போக யோசிக்க வைத்தார்கள். உங்களாலும் முடியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தக் கோடையில் எடுக்கப்போகிற ட்ரெய்லரில் வெடிச்சத்தத்தையும் கருகிய முகத்தையும் எடுத்துவிட்டு, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உச்சி வெயிலில் எடுத்துப் பாருங்கள். அதற்கு லைட்டு வாடகை கிடையாது.

அன்புடன்,
சாத்தூரிலிருந்து உங்கள் அண்ணன் ஒருவன்